சமவெளியில் கற்ற பிரேக்: மே ஹோங் சோன் மலைப்பாதையில் நிகழ்ந்த ஸ்கூட்டர் விபத்து – ஒரு நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணியளவில், வட தாய்லாந்தின் 1095ஆம் எண் நெடுஞ்சாலையில் கியூ லோம் முகட்டிலிருந்து பாங் மபா என்ற சிற்றூரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த எங்கள் மூன்று வண்டிகளில், நடுவில் வந்த ஸ்கூட்டர் பிரேக் பிடிக்காமல் சாலையோரக் கால்வாய்க்குள் விழுந்தது. ஓட்டிவந்த நண்பருக்கு இடது காறை எலும்பு முறிந்தது. பின்னால் அமர்ந்திருந்த என் சித்தி மகனுக்கு முகவாயில் நான்கு தையல் போட வேண்டியிருந்தது. இரண்டு முழங்கால்களிலும் தோல் உரிந்துபோனது. வேறு எந்த வண்டியும் மோதவில்லை. சாலையில் ஈரம் இல்லை. ஓட்டியவர் மது அருந்தியிருக்கவில்லை. வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. விபத்து என்றதும் எல்லோரும் முதலில் கேட்கிற இந்த நான்கு கேள்விகளுக்கும் 'இல்லை' என்பதே விடையாக இருந்ததால்தான், பிறகு எதுதான் காரணம் என்று தேடும் கடமை எங்களுக்கு வந்தது.

அந்தத் தேடல் முடிந்த இடம் ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. 2024 ஜூன் மாதம் நால்வருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை அமைந்தபோது, கைப்பேசியில் இருந்த படங்களையும், மருத்துவமனைச் சீட்டுகளையும், வாடகைக் கடையின் ரசீதையும் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு, காலையில் தொடங்கி இருட்டும்வரை அந்த ஒரு நாளை மணி மணியாக அடுக்கிப் பார்த்தோம். இந்த ஆய்வு அந்த உரையாடலின் பதிவு. காசிமேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வேலைக்காக வெளிநாடு போகிற பிள்ளைகள் இன்று ஏராளம். விடுமுறை நாளில் நண்பர்கள் சேர்ந்து வாடகை வண்டி எடுத்துக்கொண்டு நாட்டுப்புறம் சுற்றுவது அவர்களுக்குக் கிடைக்கிற மிகச் சில மகிழ்ச்சிகளில் ஒன்று. அந்த மகிழ்ச்சியைக் கைவிடச் சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்களுக்குத் தெரியாமல் இருந்த ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நால்வரின் பின்னணி

பெயர்களுக்குப் பதிலாக அவரவர் ஊரையே இங்கு அடையாளமாகக் கொள்கிறேன். நான் ராயபுரத்துக்காரன், பாங்காக்கில் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் வேலை. எண்ணூர் நண்பர் பாங்காக்கை அடுத்த சமுத் சாக்கோனில் கடல் உணவுப் பதப்படுத்தும் ஆலையொன்றின் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். அவருடைய குடும்பம் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவக் குப்பம் ஒன்றில் இருக்கிறது. தண்டையார்பேட்டை நண்பர் பாங்காக்கின் சீலோம் பகுதியில் ரத்தினக்கல் வணிகர் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறார். நான்காமவன் காசிமேட்டில் இருக்கும் என் சித்தி மகன். இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கை 2023 நவம்பர் 10 முதல் தாய்லாந்து நடைமுறைப்படுத்தியதும், அதைப் பயன்படுத்திக்கொண்டு மாதக் கடைசியில் எங்களைப் பார்க்க வந்திருந்தான். இனி அவனைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன்.

எங்கள் நால்வருக்கும் வண்டி ஓட்டுவது நடப்பதைப் போன்றது. எண்ணூர் நண்பர் பதினைந்து வயதிலேயே அப்பாவின் மொபெட்டில் மீன் கூடை கட்டிக்கொண்டு காசிமேட்டு ஏலத்துக்கும் வீட்டுக்கும் ஓடியவர். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையே கிடைக்கிற இரண்டடி இடைவெளியில், மணலும் டீசல் கறையும் படிந்த தரையில், வண்டியைச் சாய்க்காமல் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் நாங்கள். அது உண்மையான திறமைதான். குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திறமை முழுவதும் மற்றவர்களிடமிருந்து தப்பிப்பதற்கான திறமை. வடசென்னை கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் பலகை போல் விரிந்து கிடக்கிற நிலம். எங்கள் பிள்ளைகள் அறிந்த பெரிய ஏற்றமே பேசின் பாலத்தின் ஏற்றந்தான். அதன் இறக்கம் முடிய அரை நிமிடம்கூட ஆகாது. பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கிற சாலையில் எங்களில் எவரும் ஒருமுறைகூட வண்டி ஓட்டியதில்லை. புறப்படும்போது இதைப் பற்றி எவருக்கும் ஒரு நினைப்பும் வரவில்லை.

புறப்படுமுன்

டிசம்பர் 10 தாய்லாந்தில் அரசமைப்புச் சட்ட நாள். அந்த ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் திங்கட்கிழமையும் விடுமுறை. வெள்ளி இரவு பாங்காக்கிலிருந்து பேருந்து ஏறி, சனி காலை சியாங் மாய் சேர்ந்து, அங்கே வண்டி எடுத்து, மே ஹோங் சோன் மாகாணத்தைச் சுற்றி வரும் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வட்டப் பாதையில் முடிந்தவரை போய்த் திரும்புவது என்பது திட்டம். அந்தப் பாதையில் 1,864 வளைவுகள் இருப்பதாக அந்த வட்டாரம் முழுவதும் பெருமையாகச் சொல்கிறார்கள். சியாங் மாயிலிருந்து பாய் என்ற ஊர் வரையிலான 762 வளைவுகளைச் சட்டையில் அச்சிட்டே விற்கிறார்கள். நாங்கள் அந்த எண்களை வேடிக்கையாகப் படித்தோமே தவிர, அவை நம் பிரேக்குக்கு என்ன வேலை வைக்கும் என்று யோசிக்கவில்லை.

வாடகைக் கடையில் மூன்று வண்டிகள் எடுத்தோம். இரண்டு ஆட்டோமேடிக் ஸ்கூட்டர்கள். ஒன்று கியர் உள்ள, ஆனால் கிளட்ச் பிடி இல்லாத, நான்கு கியர் ஹோண்டா வேவ். யார் எதை ஓட்டுவது என்று முடிவு செய்தவன் நான். இரண்டு பேர் உட்கார இருக்கை அகலமாக இருக்க வேண்டும் என்பதால் 125 சிசி ஆட்டோமேடிக்கை எண்ணூர் நண்பருக்கும் தம்பிக்கும் கொடுத்தேன். கியர் வண்டியில் தனியாளாக நானே ஏறிக்கொண்டேன். அதிகச் சுமை ஏற்றிய வண்டிதான் இறக்கத்தில் எஞ்சினின் உதவியை, அதாவது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைப்பதை, அதிகம் நாடும். அந்த உதவியை முழுதாகத் தரக்கூடிய ஒரே வண்டியைச் சுமையே இல்லாத நான் வைத்துக்கொண்டேன். இந்த விபத்தின் காரணச் சங்கிலியில் முதல் கண்ணி இதுதான் என்பதை நானே சொல்ல வேண்டும்.

உறக்கமற்ற ஐந்து இரவுகள்

அந்த வாரம் எங்கள் ஊரில் நடந்ததையும் இங்கே எழுதியாக வேண்டும். டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலால் சென்னையில் கொட்டிய மழையில் வடசென்னையின் பல தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அறுந்தன. அதைத் தொடர்ந்து, மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியது. எண்ணூர் நண்பரின் தந்தையுடைய படகும் வலைகளும் அந்தக் கரிய எண்ணெய்க்குள் கிடந்தன. நண்பர் ஐந்து இரவுகளாகக் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே படுத்திருந்தார். பயணத்தைத் தள்ளிப் போடலாமா என்று நான் கேட்டேன். "இங்கே அறையில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், போய் வரலாம்" என்றார். அவர் சொன்னது நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கூட வரலாம் என்பதும், அவரே இருவரைச் சுமந்து வண்டி ஓட்டலாம் என்பதும் வேறு வேறு முடிவுகள். முதலாவதை எடுத்தபோது இரண்டாவதையும் சேர்த்தே எடுத்துவிட்டோம்.

சனிக்கிழமை பயணம் நன்றாகவே அமைந்தது. மே மாலாய் சந்திப்பில் 1095ஆம் சாலைக்குள் திரும்பியதும் காற்றின் குளிர் மாறியது. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் வாசனை. தம்பி வழி முழுவதும் பாடிக்கொண்டே வந்தான். பாய் ஊருக்கு முன்னாலும் ஒரு நீண்ட இறக்கம் உண்டு. அதில் சனிக்கிழமைக் கூட்டம் அதிகமாக இருந்ததால் வண்டிகள் அடிக்கடி நின்று நின்றே இறங்கின. அந்த நிறுத்தங்களில்தான் பிரேக் ஆறியது என்பது இப்போது புரிகிறது. அன்று எங்களுக்குக் கிடைத்த பாடம் நேர்மாறானது: மலை இறக்கம் ஒன்றும் கடினமில்லை என்று நம்பினோம்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பாய் ஊரிலிருந்து புறப்படுவதாக இருந்தோம். எண்ணூர் நண்பர் விடியற்காலை நான்கு மணிவரை வீட்டோடு பேசிவிட்டுத்தான் கண் அயர்ந்திருந்தார். அவரை எழுப்ப மனம் வராமல் காத்திருந்தோம். அது சரியான செயல். ஆனால் மதியம் மூன்று மணிக்குக் கிளம்பும்போதும், ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மே ஹோங் சோன் நகரத்தில் முன்பணம் கட்டிய அறையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், அன்றே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். டிசம்பரில் அங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டுக்கு முன் முடிந்தவரை தூரத்தைக் கடக்க வேண்டும் என்ற அவசரம் அப்போதே என் தலைக்குள் ஏறிவிட்டது. முன்னால் போனவன் நான். வேகத்தை வகுத்தவனும் நானே.

இறக்கம்

கியூ லோம் முகட்டில் பத்து நிமிடம் நின்றோம். மேற்கே மலைகள் அடுக்கடுக்காக நீலம் வெளுத்துத் தெரிந்தன. படம் எடுத்துக்கொண்டு நாலே கால் மணிக்கு இறங்கத் தொடங்கினோம். முகட்டிலிருந்து பாங் மபா பள்ளத்தாக்கு வரை சாலை பல நூறு மீட்டர் உயரத்தை இழக்கிறது. சில வளைவுகள் முழங்கை மடிப்பது போல் மடங்கிச் சட்டென்று கீழிறங்குகின்றன. சாய்ந்த வெயில் நேராக முகத்தில் அடித்தது. நிழல் விழுந்த வளைவுக்குள் நுழையும்போது ஒரு கணம் எதுவும் தெரியாது.

நான் இரண்டாம் கியரில் இறங்கினேன். எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து இழுத்தது. பிரேக்கை அதிகம் தொட வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. ஆகவே பின்னால் வருபவர்கள் எதைக் கொண்டு தாக்குப்பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

எண்ணூர் நண்பர் பின்னர் சொன்னதிலிருந்து அவருடைய பத்து நிமிடங்கள் இவ்வாறு கழிந்தன. முதல் இரண்டு மூன்று வளைவுகள் வழக்கம்போல் போயின. அவர் இடது கைப்பிடியை, அதாவது பின்பிரேக்கை, விடாமல் லேசாகப் பிடித்தபடியே வந்தார். முன்பிரேக்கை அவர் தொடவில்லை. 'முன்பிரேக் பிடிச்சா தூக்கிப் போட்டுடும்' என்பது எங்கள் பகுதியில் வண்டி பழகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே சொல்லப்படுகிற வாக்கு. மணல் படிந்த எண்ணூர்ச் சாலையில் அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஐந்தாவது வளைவு வாக்கில், கைப்பிடி வழக்கத்தைவிட உள்ளே வருவதை விரல்கள் உணர்ந்தன. இரும்பும் ரப்பரும் சேர்ந்து கருகுவது போன்ற ஒரு வாடை வந்தது. தம்பியும் அதை முகர்ந்திருக்கிறான். யாரோ காட்டில் குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அடுத்த மடிப்பு வளைவில் வண்டி மிக மெதுவாகி, திரும்பி வெளியே வந்ததும், திடீரென்று யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போல் ஓடத் தொடங்கியது. கைப்பிடியை முழுதாக அழுத்தினார். அது ஹேண்டில்பாரின் ரப்பரையே தொட்டுவிட்டது. வேகம் குறையவில்லை.

இடப்புறம் மலைச்சுவர், அதன் அடியில் சிமென்ட் கால்வாய்; வலப்புறம் எதிர்த் தடம், அதற்கப்பால் பள்ளம். அந்த ஒரு நொடியில் அவர் வண்டியை இடப்பக்கம் சாய்த்துக் கால்வாய்க்குள் விட்டார். காறை எலும்பு முறிந்ததற்குக் காரணம் அந்த முடிவு என்றால், இருவரும் உயிரோடு இருப்பதற்குக் காரணமும் அதே முடிவுதான். இதை அவரிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன், இங்கும் பதிவு செய்கிறேன்.

கடைசியாக வந்த தண்டையார்பேட்டை நண்பர் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார். பின்சக்கரத்தின் நடுப்பகுதியில் கை பட்டதும் அவருடைய இரண்டு விரல் நுனிகளும் கொப்பளித்துவிட்டன. மாடியில் நாங்கள் பரப்பிய சான்றுகளில், அந்தக் கொப்புளத்தின் படத்தைவிடத் தெளிவாகப் பேசியது வேறொன்றும் இல்லை.

அவ்வழியே வந்த ஒரு பிக்கப் வண்டிக்காரர், ஒரு வார்த்தையும் கேட்காமல், காய்கறிக் கூடைகளை ஓரம் ஒதுக்கி இருவரையும் ஏற்றிக்கொண்டு பாங் மபா மருத்துவமனையில் சேர்த்தார். பணம் கொடுக்கப் போனபோது கை கூப்பிவிட்டுப் போய்விட்டார். அங்கு அவசர மருத்துவ உதவிக்கான எண் 1669, சுற்றுலாக் காவல்துறைக்கு 1155. இரண்டுமே அந்த நிமிடத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. தையல் போட்டு, தோளைக் கட்டி, மறுநாள் சியாங் மாய்க்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் தகடு வைத்து எலும்பைச் சேர்த்தார்கள்.

டிரம்முக்குள் நடந்தது

பிரேக் ஏன் போனது என்ற கேள்விக்கு எங்களுக்கு விடை தந்தவர் தண்டையார்பேட்டையில் முப்பது ஆண்டுகளாக ஸ்கூட்டர் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். நாங்கள் நால்வரும் அவர் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் பேசாமல் கேட்டுவிட்டு, மூலையில் பழைய உதிரிகள் கிடந்த தகரப் பெட்டியிலிருந்து இரண்டு பிரேக் ஷூக்களை எடுத்து என் கையில் வைத்தார். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிரம் என்ற உருளையின் உட்சுவரில் அழுந்தி வண்டியை நிறுத்துபவை இவை. ஒன்றின் லைனிங், அதாவது மேலே ஒட்டிய உராய்வுப் பட்டை, சொரசொரப்பாக, மங்கிய பழுப்பில் இருந்தது. மற்றொன்று சுட்ட ஓடு போல் கறுத்து, கண்ணாடியாகப் பளபளத்தது. விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"இது ஏற்காடு போயிட்டு வந்த வண்டியோடது. லைனிங் வெந்துபோச்சுன்னா எங்கேர்ந்துபா வண்டி நிக்கும்? இறக்கத்துல பிரேக்கைப் புடிச்சிக்கினே வரக்கூடாது. புடி, வுடு. புடி, வுடு. வுட்டாதான் அது மூச்சு வுடும்."

அவர் சொன்னதன் பின்னணியைக் கணக்காகவும் பார்த்தேன். வண்டியும் இரண்டு பேரும் பையும் சேர்ந்து 260 கிலோ என்று கொள்வோம். அந்த எடை 100 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 255 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். அதே வண்டியை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிறுத்த 16 கிலோஜூலைத்தான் பிரேக் உறிஞ்ச வேண்டும். அதாவது, ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கமும், 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து வண்டியைப் பதினாறு முறை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரின் உராய்வும் அதில் பாதியை எடுத்துக்கொண்டாலும், எட்டு முறை மிச்சம் இருக்கிறது. எங்கள் இறக்கம் அப்படிப் பல நூறு மீட்டர். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போய்ச் சேரும்வரை சிக்னல்களில் பிரேக் பிடிக்கும் எண்ணிக்கையை நினைத்துப் பார்த்தால், ஊரில் ஒரு நாள் முழுவதும் செய்கிற வேலையை அந்தச் சிறிய டிரம்மிடம் பத்து நிமிடத்தில், இடைவெளியே இல்லாமல், கேட்டிருக்கிறோம். வெப்பம் ஏறினால் டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகுகிறது. அதனால்தான் கைப்பிடி உள்ளே உள்ளே வந்தது. லைனிங்கின் பிடிமானமும் சேர்ந்து குறைகிறது. வாடையும் தளர்ந்த கைப்பிடியும் இந்த இரண்டின் அறிவிப்புகள்.

அந்த மடிப்பு வளைவுக்குப் பிறகு வண்டி ஏன் தள்ளிவிட்டது போல் ஓடியது என்பது இன்னொரு நுட்பம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சினையும் சக்கரத்தையும் இணைப்பது, சுழற்சி வேகத்தால் விரிந்து பிடிக்கிற ஒரு கிளட்ச். ஓரளவு வேகத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சின் வண்டியைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். ஆனால் வேகம் மிகவும் குறைந்து எஞ்சின் ஐட்லிங்குக்கு, அதாவது வெறுமனே ஓடும் நிலைக்கு, வந்துவிட்டால் கிளட்ச் விடுபட்டுவிடும். அதன் பிறகு வண்டி சைக்கிளைப் போல் தன்பாட்டில் உருளும். மீண்டும் ஆக்சிலேட்டரைச் சற்றே திருகினால்தான் கிளட்ச் பிடிக்கும். இறக்கத்தில் ஆக்சிலேட்டர் கொடுப்பது தவறு என்று உள்ளுணர்வு சொல்கிறது. அந்தச் சிறு திருகலில்தான் எஞ்சினின் உதவி திரும்பக் கிடைக்கிறது என்பதை எங்களில் எவரும் அறிந்திருக்கவில்லை. எண்ணூர் நண்பர் எச்சரிக்கையாக, மிக மெதுவாக, அந்த வளைவைக் கடந்தார். அந்த எச்சரிக்கையே கிளட்சை விடுவித்தது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

மெக்கானிக் அண்ணன் இன்னொன்றையும் கவனித்தார். எண்ணூர் நண்பர் ஊரில் ஓட்டியது எந்த வண்டி என்று கேட்டார். 2020இல் வாங்கிய ஸ்கூட்டர். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் 125 சிசி வரையிலான வண்டிகளில், ஒரு பிரேக்கைப் பிடித்தாலே மற்றதும் சேர்ந்து இயங்கும் இணைப்பு பிரேக் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. ஆகவே அவர் ஊரில் இடது பிடியை மட்டும் அழுத்தியபோதெல்லாம் முன்சக்கரமும் அவருக்குத் தெரியாமலேயே உதவிக்கொண்டிருந்தது. நாங்கள் எடுத்த வாடகை ஸ்கூட்டரில் இடது பிடி பின் டிரம்மை மட்டுமே இயக்கியது. வலது பிடியில் இருந்த முன் டிஸ்க் பிரேக், கடைசி நொடிவரை தொடப்படாமல், குளிர்ந்த நிலையில், முழு வலுவோடு காத்திருந்தது. இறங்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன்சக்கரத்துக்குத்தான் பிடிமானம் அதிகம். வேலை செய்யக்கூடிய பிரேக்கை வைத்துக்கொண்டு, வேலை செய்ய முடியாத பிரேக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறோம்.

சொல்லாமல் விட்டது

மாடியில் உட்கார்ந்து பேசியபோது எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்த பகுதி இது. கைப்பிடி தளர்வதை உணர்ந்ததற்கும் விழுந்ததற்கும் இடையே நான்கைந்து நிமிடங்கள் இருந்தன. ஹாரன் அடித்திருக்கலாம், ஓரம் கட்டியிருக்கலாம், பதினைந்து நிமிடம் ஆறவிட்டிருந்தால் போதும். ஏன் நிற்கவில்லை என்று நான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என்னாலதான் காலைல லேட்டு. மறுபடியும் என்னாலதான் நிக்கணுமா மச்சான்னு தோணுச்சு" என்றார்.

அவர் சொன்னதில் எனக்கும் பங்கு உண்டு. மூன்று மணிக்குக் கிளம்பும்போது நான் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தேன். அவர் அதைப் பார்த்திருக்கிறார். வீட்டில் படகு எண்ணெயில் கிடக்கிற மனிதர், நண்பர்களின் ஒரே விடுமுறையையும் தன்னால் கெடுக்கிறோமோ என்ற எண்ணத்தோடு வண்டி ஓட்டியிருக்கிறார். நான் ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்த்திருந்தாலே அவருக்கு வாய் திறந்து சொல்ல ஓர் இடம் கிடைத்திருக்கும். நான் கண்ணாடியில் விளக்குகளை எண்ணிக்கொண்டு போனேன். இரண்டு விளக்குகள் தெரிந்தவரை எல்லாம் சரி என்று நினைத்தேன்.

உரிமமும் காப்பீடும்

இந்தப் பகுதி சுருக்கமானது. ஆனால் செலவில் பெரியது. எண்ணூர் நண்பரிடம் தாய்லாந்து ஓட்டுநர் உரிமம் இருந்தது. அது காருக்கான உரிமம். அங்கே காருக்கும் இருசக்கர வண்டிக்கும் தனித்தனி அட்டைகள். ஊரில் அவர் வேன் ஓட்டும் வேலைக்காக இலகுரக வாகன உரிமம் மட்டும் எடுத்தவர். பதினைந்து வயதிலிருந்து ஓட்டிய இருசக்கர வண்டிக்கு உரிமம் எடுக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் எவரும் எவருக்கும் சொன்னதில்லை. இந்திய உரிமத்தில் கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்ற வகை சேர்க்கப்பட்டிருக்காவிட்டால், அதை வைத்து வாங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியிலும் அந்த வகை வராது. அந்த அனுமதி ஓராண்டுக்கு மட்டுமே செல்லும்.

விளைவாக, அவருடைய தனிநபர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம், ஓட்டிய வண்டிக்கு உரிய உரிமம் இல்லை என்ற விதியைக் காட்டி முழுத் தொகையையும் மறுத்துவிட்டது. பத்திரத்தில் அந்த வரி இருந்தது உண்மை. நாங்கள் படிக்காததும் உண்மை. தாய்லாந்தில் ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள கட்டாயக் காப்பீட்டிலிருந்து, எதிர்த்தரப்பு இல்லாத விபத்தில் ஓட்டியவருக்குக் கிடைக்கக்கூடிய முதல்கட்ட மருத்துவ உதவி 30,000 பாத் வரை மட்டுமே. அறுவை சிகிச்சைக்கு ஆனது 1,40,000 பாத். மீதியை நாங்கள் மூவர் பங்கிட்டோம். அவர் மாதா மாதம் திருப்பித் தந்துகொண்டிருக்கிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. வாடகைக் கடைக்குக் கொடுத்த 9,000 பாத் தனி.

தலைக்கவசம் பற்றியும் ஒரு சொல். கடையில் தந்தவை காதுவரை மூடும் அரைக் கவசங்கள். தம்பியின் முகவாய்த் தையலுக்குக் காரணம் அதுதான். அரைக்கால் சட்டையோடு ஏறியது அவனுடைய தவறு. ஏறவிட்டது என் தவறு.

ஏலகிரி

ஊர் திரும்பியதும் எண்ணூர் நண்பர் செய்த முதல் வேலை, இருசக்கர வண்டிக்கான உரிமத்துக்கு விண்ணப்பித்தது. 2025 பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது, "இறங்கிப் பழகணும்" என்று அவரே சொன்னார். நால்வரும் இரண்டு ஸ்கூட்டர்களில் விடியற்காலை ராயபுரத்திலிருந்து கிளம்பி ஏலகிரி போனோம். தமிழ்ப் புலவர்களின், வள்ளல்களின் பெயர் தாங்கிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் அங்கே உண்டு. இந்த முறை ஓர் ஏற்பாடு வைத்துக்கொண்டோம்: யார் எந்தக் காரணத்துக்காக இரண்டு முறை ஹாரன் அடித்தாலும் எல்லோரும் ஓரம் கட்ட வேண்டும், காரணத்தை யாரும் கேட்கக்கூடாது. முன்னால் போகிற இடத்தையும் அவருக்கே கொடுத்தோம்.

இறக்கத்தில் அவருடைய வலது கை முன்பிரேக்கில் பிடித்துப் பிடித்து விடுவதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வளைவை விட்டு வெளியே வரும்போதெல்லாம் எஞ்சின் ஒரு கணம் உறுமி அடங்கியது. பாதி வளைவுகளைக் கடந்திருப்போம். இரண்டு முறை ஹாரன் கேட்டது. நின்றோம். அவர் இறங்கி, குனிந்து, பின்சக்கரத்தின் நடுவில் படாமல் புறங்கையை அருகே கொண்டுபோய் வெப்பம் பார்த்தார். தம்பி பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தான். பத்து நிமிடம் கழித்து அவர் மறுபடியும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப போலாம்" என்றார்.